முகம் பார்த்துத் தீர்ப்பா?

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்கிறது பழமொழி. பாட்டன் சொன்னான், அப்பன் சொன்னான், நாமும் சொல்கிறோம். சொல்வதோடு நிற்கிறோமா? இல்லை. அந்தப் பழமொழியையே சட்டமாக்கி, நாளும் பொழுதும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எதிரே வருகிறவன் வணக்கம் சொல்லவில்லை - திமிர் பிடித்தவன்! பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை - கள்ளன், எதையோ மறைக்கிறான்! நாலு பேர் சிரிக்கிற இடத்தில் அவன் மட்டும் சிரிக்கவில்லை - உம்மணாமூஞ்சி! கேலிக்குச் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொண்டு எதிர்க்கேள்வி கேட்கிறான் - மூளை கோளாறு! ஆலைச் சங்கு ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான் - வேஷம் போடுகிறான்!

இத்தனை தீர்ப்பும் எவ்வளவு நேரத்தில்? ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில்! சாட்சி உண்டா? இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு, "ஏனப்பா இப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா? அதுவும் இல்லை.

ஒரு தொழிலாளியை, விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் வெளியே தள்ளினால் நாம் வாய்மூடி இருக்கிறோமா? வாயிற்கூட்டம் போடுகிறோம். கொடி பிடிக்கிறோம். விசாரணை இல்லாத தண்டனை அநீதி என்று முழங்குகிறோம். முதலாளிக்கு நாம் படித்துக் காட்டும் அந்தப் பாடத்தை, பக்கத்தில் நின்று வேலை செய்கிற தோழன் விஷயத்தில் நாமே மறக்கலாமா?

மறக்கிறோம். அதிலும், ஆட்டிசம் உடைய மனிதர்கள் விஷயத்தில் அடியோடு மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீர்ப்பு எழுதுகிறவர்கள் நாம் மட்டுமல்ல. ஆட்டிசம் உடையோரிலும் சிலர், பட்ட அடியின் வேதனையில் நம்மைப் பற்றித் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்: "இவர்கள் நெஞ்சில் ஒன்று, வாயில் ஒன்று. பொய் பேசுவதே இவர்கள் பழக்கம். கும்பல் சேர்ந்தால் தனியாக இருப்பவனைக் குத்துவதே இவர்கள் பொழுதுபோக்கு."

இரண்டு தீர்ப்பும் பிழை. இரண்டும் திருத்தப்பட வேண்டும். முதலில் திருத்தப்பட வேண்டியது பலம் உள்ள பக்கத்தின் தீர்ப்பு. ஏன் என்று கேட்கிறீர்களா? வாருங்கள், வழக்கை முதலிலிருந்து பார்ப்போம்.

ஆட்டிசம் என்பது என்ன?

அது பைத்தியமல்ல. தொற்றிக்கொள்ளும் நோயுமல்ல. முன்வினைப் பயன், சாபம், கண்ணேறு என்று சொல்வதெல்லாம் வெறும் கட்டுக்கதை. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு அது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி ஆயுள் முழுதும் உடன் இருப்பது.

ஆட்டிசம் உடைய எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. சிலருக்குப் பேச்சே வராது. வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டும். சிலர் பட்டம் பெற்று வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறார்கள். பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். ஆயினும் பொதுவாகக் காணப்படும் சில இயல்புகள் உண்டு. கண்ணோடு கண் பார்ப்பது பலருக்குத் துன்பம். ஓசையும் ஒளியும் வாடையும் நமக்கு உறைப்பதைவிடப் பன்மடங்கு உறைக்கும். சொன்ன சொல்லுக்கு உள்ள பொருளையே எடுத்துக்கொள்வார்கள். சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குறிப்பைத் தேடமாட்டார்கள். வழக்கம் திடீரென மாறினால் தவித்துப் போவார்கள். பிடித்த ஒன்றில் இறங்கினால் அதன் அடிவேர் வரை போவார்கள்.

எங்கோ ஒருவர் இருவருக்கு உள்ள சங்கதியா இது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள்: 2021-இல் உலக மக்களில் 127 பேருக்கு ஒருவர். அந்தக் கணக்குப்படி 1,270 பேர் குடியிருக்கும் ஒரு பேட்டையில் 10 பேர். அந்த 10 பேர் யார் என்று நமக்குத் தெரியாது. பலருக்குத் தங்களுக்கே தெரியாது. நாம் சூட்டிய பட்டப்பெயர்தான் அவர்களுக்குத் தெரியும்.

தீர்ப்புகளின் வரலாறு

ஆட்டிசத்தின் வரலாற்றைப் புரட்டினால் அதில் பாதி மருத்துவம். மீதி, அவசரத் தீர்ப்புகளின் வரலாறு.

ஆட்டிசம் என்ற சொல்லை உண்டாக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் யூஜின் புளூலர். 1911-ஆம் ஆண்டையொட்டி, வேறொரு மனநோயைப் பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்தினார். 'தான்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைய ஆட்டிச ஆராய்ச்சிக்கு அடித்தளம் அதுதான்.

அந்த 11 பேரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். "இந்தப் பிள்ளை தேறமாட்டான், விடுதியில் விட்டுவிடுங்கள்" என்பது அன்றைய தீர்ப்பு. பச்சைக் குழந்தையை விடுதியில் விட்டார்கள். பெற்ற மனம் கேட்கவில்லை; ஓராண்டு கழித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று? தேறமாட்டான் என்ற அந்தப் பிள்ளை கல்லூரியில் படித்தான். சொந்த ஊரின் வங்கியில் 60 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தார். தாமே கார் ஓட்டினார். நாடு நாடாகச் சுற்றினார். 2023-இல், 89-ஆம் வயதில் இறந்தார். வசதி படைத்த குடும்பம் அது என்பது உண்மை. ஆனால் வசதி மட்டுமா? அவருடைய போக்கு இன்னது என்று ஊர் அறிந்திருந்தது, அறிந்து ஏற்றுக்கொண்டது. அந்த ஊர் அவர்மீது தீர்ப்பு எழுதவில்லை, அவருக்கு இடம் கொடுத்தது.

எல்லோருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. அடுத்த தீர்ப்பு தாய்மார்கள் தலையில் விழுந்தது. குழந்தைக்கு ஆட்டிசம் வரக் காரணம் அன்பில்லாத தாய்தான் என்றார்கள். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்று அவளுக்குப் பெயரும் சூட்டினார்கள். கேனரே அந்தப் பேச்சுக்கு விதை போட்டார். சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு நூலே எழுதி அதை ஊரெங்கும் பரப்பினார். எண்ணிப் பாருங்கள்! பகலெல்லாம் பிள்ளையோடு போராடி, இரவெல்லாம் கண்விழித்து, ஓடாய்த் தேய்ந்த தாயைப் பார்த்து, "உன்னால்தான் இந்தக் கதி" என்று சொன்னால் அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?

அந்தத் தீர்ப்பை எதிர்த்து வழக்காடியவர் ஒரு தந்தை. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். 1964-இல் அவர் எழுதிய நூல், காரணம் உடலில் இருக்கிறதே தவிர தாயின் அன்பில் இல்லை என்று வாதாடியது. 1969-இல் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் கேனரே எழுந்து நின்று, பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். உருவொத்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். உருவொவ்வாத 10 சோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. பரம்பரைக் கூறு இதில் பெரும்பங்கு கொள்கிறது என்பது அன்றிலிருந்து தெளிவாயிற்று. தாய்மார்கள் விடுதலை ஆனார்கள். ஆனால் அதற்குள் எத்தனை குடும்பங்கள் நொறுங்கின?

மூன்றாவது தீர்ப்பு இன்னும் கொடியது. வியன்னாவில் ஹன்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் 1944-இல் இதே இயல்புள்ள சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் ஒரு பிரிவே பின்னாளில் வழங்கிற்று. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அந்தப் பெயரைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தது. அவருடைய காலம் நாஜிகளின் காலம். சமுதாயத்துக்குப் பயன்படுவார் யார், பயன்படாதார் யார் என்று குழந்தைகளைத் தரம் பிரித்த காலம். வியன்னாவின் 'ஆம் ஷ்பீகல்கிருண்ட்' நிலையத்தில் 789 குழந்தைகள் மாண்டார்கள். அந்த நிலையத்துக்கு ஆஸ்பெர்கரும் குழந்தைகளை அனுப்பினார் என்பதை வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்டார்.

மனிதனை மதிப்பெண் போட்டுத் தள்ளும் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு பக்கம் மட்டும் கேட்ட சோதனை

பிறகு விஞ்ஞானம் வளர்ந்தது. வளர்ந்த விஞ்ஞானமும் ஒரு பக்கத்தை மட்டுமே விசாரித்தது.

1985-இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு பொம்மைகள். ஒரு பொம்மை தன் கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. மற்றொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவைக்கிறது. போன பொம்மை திரும்பி வந்தால் கோலியை எங்கே தேடும்? கூடையில்தான் தேடும், மாற்றிவைத்தது அதற்குத் தெரியாதே! மற்றக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உடைய 20 குழந்தைகளில் 16 பேர், "பெட்டியில்" என்றார்கள்.

சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட முடிவைப் பாருங்கள்: 'ஆட்டிசம் உடையவர்களுக்குப் பிறர் மனம் தெரியாது, பிறர் துன்பம் உணரும் நெஞ்சம் அவர்களுக்கு இல்லை' என்று பேச்சு பரவிவிட்டது. 16 பேருடைய விடை, கோடானுகோடி பேருடைய குணமாகிவிட்டது. சரியாகச் சொன்ன 4 பேரைப் பேசுவார் இல்லை. அதோடு, பிறர் நினைப்பை ஊகிப்பது வேறு. பிறர் துன்பத்துக்கு இரங்குவது வேறு. ஊகிக்கத் தெரியாதவன் இரக்கமற்றவன் ஆகிவிடுவானா?

இன்னொரு கேள்வியும் உண்டு. அவர்களுக்கு நம் மனம் தெரியவில்லை, சரி. நமக்கு அவர்கள் மனம் தெரிகிறதா?

இந்தக் கேள்வியை 2012-இல் ஒரு கட்டுரையாக வடித்தவர் டேமியன் மில்டன். பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர். அவருக்கே ஆட்டிசம் உண்டு. வெவ்வேறு விதமாக உலகை உணரும் இருவர் சந்திக்கும்போது புரியாமை இரு பக்கமும் பிறக்கிறது. அதை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது முறையல்ல என்றார். இதற்கு 'இரட்டைப் புரிதல் சிக்கல்' என்று பெயர் சொல்லலாம். இரண்டு கை தட்டித்தானே ஓசை வருகிறது? ஒரு கையை மட்டும் கூண்டில் ஏற்றியது ஏன்?

மறு பக்கமும் சோதிக்கப்பட்டது

வாதம் இருக்கட்டும், ஆதாரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

2016-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று செய்தார்கள். இரண்டு முக்கோணங்களை நகர்த்தி, ஒன்று மற்றொன்றைக் கேலி செய்வது, தாஜா செய்வது போன்ற உணர்ச்சிகளைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டிசம் உடையோர் நகர்த்திய முக்கோணங்களை மற்றவர்கள் பார்த்தபோது, அதில் உள்ள உணர்ச்சியைச் சரியாகப் படிக்க முடியாமல் தடுமாறினார்கள். தம்மைப் போன்றவர் நகர்த்தியதை நன்றாகப் படித்தார்கள். ஆக, பிறர் மனம் தெரியாத குறை நமக்கும் உண்டு!

2017-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் கிளையைச் சேர்ந்த நோவா சாசனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி, நம் வழக்குக்கு முக்கியமான சாட்சி. ஆட்டிசம் உடையோர் சிலரும் இல்லாதோர் சிலரும் பேசுவதைப் படம் பிடித்தார்கள். அதில் சில விநாடிகளை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டி, "இவரோடு பேச விருப்பமா? பக்கத்தில் உட்கார விருப்பமா?" என்று கேட்டார்கள். யாருக்கு ஆட்டிசம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவர்களும் குரலைக் கேட்டவர்களும், ஆட்டிசம் உடையவர்களை ஒதுக்கினார்கள். ஒரே ஒரு கூட்டத்தார் மட்டும் ஒதுக்கவில்லை. யார் அவர்கள்? முகமும் பாராமல், குரலும் கேளாமல், பேசிய பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்கள்!

பாருங்கள் தோழர்களே! சொன்ன சொல்லில் குறையில்லை. கருத்தில் குறையில்லை. முகமும் குரலும் நாம் பழகியபடி இல்லை என்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்துக்கு, சில விநாடிகளில் தண்டனை! அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற நம் பழமொழி இங்கே பொய்ச்சாட்சி சொல்லிப் பிடிபட்டுவிட்டது.

இதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி நம்பிக்கை ஊட்டுவது. இவருக்கு ஆட்டிசம் உண்டு என்று முன்கூட்டிச் சொன்னபோது, பார்த்தவர்களின் கடுமை குறைந்தது. ஆட்டிசத்தைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவர்களின் எண்ணமும் நல்லவிதமாக இருந்தது. அறிவு பெருகப் பெருக வெறுப்பு குறைகிறது.

2020-இல் எடின்பரோவில் கேதரின் கிராம்ப்டனும் கூட்டாளிகளும் 72 பேரை 8 பேர் கொண்ட வரிசைகளாக நிறுத்தி, ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லி அனுப்பச் செய்தார்கள். ஆட்டிசம் உடையோர் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது. மற்றவர் மட்டும் இருந்த வரிசையிலும் அப்படியே. இரு சாராரும் கலந்து நின்ற வரிசையில்தான் கதை தேய்ந்தது. 2025-இல் இதையே பெரிய அளவில், 311 பேரை வைத்துச் செய்தார்கள். இம்முறை கலந்த வரிசையும் மற்ற வரிசைகளுக்குச் சளைக்கவில்லை. செய்தி ஒரே அளவில் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால் என்ன தெரிகிறது? ஆட்டிசம் உடையவருக்குச் செய்தி சொல்லத் தெரியாது என்ற பேச்சு நிற்கவில்லை. இரு சாராரும் கலந்தால் புரியாமை கட்டாயம் வரும் என்பதும் தலைவிதியல்ல.

அவர்கள் எழுதிய தீர்ப்பு

இனி மறு பக்கத்துத் தீர்ப்புக்கு வருவோம். நியாயம் என்றால் இருவருக்கும் நியாயம்.

1998-இல் ஆட்டிசம் உடைய ஒருவர் இணையத்தில் ஒரு நையாண்டிப் பக்கம் தொடங்கினார். 'சாதாரண மனிதர்கள்' என்போரையே நோயாளிகளாக வைத்து, அவர்களை ஆராயும் நிலையம் ஒன்று இருப்பதுபோல எழுதினார். கூட்டம் இல்லாமல் இருக்க முடியாமை, தம்மைப் போல் இல்லாதவரைச் சகியாமை - இவையெல்லாம் அந்த நோயின் அறிகுறிகளாம்! படித்தால் சிரிப்பு வரும். சிரிப்புக்குப் பின் சுருக்கென்று தைக்கும். நம்மை அவர்கள் முன்னால் வைத்துப் பார்க்கும் கண்ணாடி அது.

நையாண்டி நல்ல ஆயுதம். ஆனால் நையாண்டியை மெய்யென்று நம்பி, 'ஆட்டிசம் இல்லாதவர் எல்லோரும் வேஷதாரிகள்' என்று ஒருவர் முடிவு கட்டினால், அதுவும் முகம் பார்த்து எழுதிய தீர்ப்புத்தான்.

நம் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டுப் புறப்படும் தமிழன், "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வர்றேன்" என்கிறான். மறுபடி வரவே போவதில்லை என்றாலும் அப்படித்தான் சொல்கிறான். வழியில் கண்டவரை, "சாப்பிட்டாச்சா?" என்கிறான், அவர் இல்லை என்றால் சோறு போடப் போகிறானா? கடன் கேட்டு வந்தவரிடம், "பார்க்கலாம்" என்கிறான். பொருள், "கிடையாது" என்பது. சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்பவருக்கு இவையெல்லாம் பச்சைப் பொய்யாகத் தோன்றினால் அதில் வியப்பென்ன?

ஆனால் இவை பொய்யல்ல. போய் வருகிறேன் என்பது, உறவு அறுந்துபோக வேண்டாம் என்ற ஆசை. சாப்பிட்டாச்சா என்பது, நீ நலமா என்ற கேள்வி. பார்க்கலாம் என்பது, முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் துணியாத தயக்கம். ஆட்டிசம் உடைய தோழர்களுக்கும் தோழியர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: எங்கள் சுற்றிவளைத்த பேச்சில் வஞ்சகம் இருக்கும் இடமும் உண்டு, பாசம் இருக்கும் இடமும் உண்டு. எது எது என்று தெரியாதபோது எங்களைக் கேளுங்கள். கேட்காமல் எங்களையும் தண்டிக்காதீர்கள்.

சுமை யாருக்கு அதிகம்?

இரு பக்கமும் பிழை என்றால், இரு பக்கமும் சரிசமமாகத் திருந்தினால் போதுமா? இல்லை. நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டிசம் உடைய ஒருவர் நம்மைத் தவறாக எண்ணினால் நமக்கு என்ன நட்டம்? மனவருத்தம், அவ்வளவே. நாம் அவரைத் தவறாக எண்ணினால்? அவருக்கு வேலை போகிறது. வாடகை வீடு கிடைப்பதில்லை. பள்ளியில் பிள்ளை அடி வாங்குகிறது. தெருவில் காவலர் கேட்கும்போது கண்ணைத் தாழ்த்தினால் சந்தேகம் பிறக்கிறது. எண்ணிக்கையும் நம் பக்கம்; ஏற்படுத்திய பழக்கவழக்கமும் நம்முடையது. ஆகவே அவர்கள் நம் பாணியைக் கற்றுக்கொள்ள உயிரை விடுகிறார்கள்: கண்ணைப் பார்க்கப் பழகுகிறார்கள், சிரிக்க வேண்டிய இடத்தை மனப்பாடம் செய்கிறார்கள், வீடு திரும்பியதும் சக்கையாய் விழுகிறார்கள். நாம் அவர்கள் பாணியைக் கற்க ஒரு நாள் செலவழித்ததுண்டா?

வயிற்றுப் பிரச்னையைப் பாருங்கள். பிரிட்டனில் 2024-இல் ராபர்ட் பக்லண்ட் தலைமையில் அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: உழைக்கும் வயதில் உள்ள ஆட்டிசம் உடையோரில் 10 பேருக்கு ஏறத்தாழ 3 பேருக்கே வேலை உண்டு. உடற்குறையோ மனக்குறையோ இல்லாதவர்களில் 10-க்கு 8 பேருக்கு வேலை. செல்வம் கொழிக்கும் நாட்டில் இந்த நிலை! காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நேர்முகத் தேர்வு. அங்கே கையின் திறனையா பார்க்கிறார்கள்? கண்ணையும் சிரிப்பையும் கைகுலுக்கலையும் பார்க்கிறார்கள். டல்லஸ் சோதனையில் சில விநாடிகளில் விழுந்த அதே தீர்ப்பு இங்கே சோற்றில் விழுகிறது.

நம் நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டு, அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்கியது. அதில் 1 சதவீதம், ஆட்டிசம் உடையோரும் வேறு சில பிரிவினரும் பகிர்ந்துகொள்வதற்கு. சட்டம் நாற்காலி போட்டுக் கொடுக்கும். ஆனால் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார விடுவதும் விடாததும் யார் கையில்? பக்கத்து நாற்காலிக்காரர் கையில். அதாவது, நம் கையில்.

சொல்லிலும் நமக்கு வேலை இருக்கிறது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லை ஏற்றது தமிழ்நாடு. அதே தமிழ்நாட்டின் அரசுத் தாள்களில் ஆட்டிசம் உடையோருக்கு வழங்கிவரும் பெயர், 'புற உலகச் சிந்தனையற்றோர்'. நியாயமா இது? புற உலகின் ஓசை அளவுக்கு மீறிக் காதில் விழுந்து தவிப்பவரைப் பார்த்து, புற உலகச் சிந்தனையே அற்றவர் என்பதா? பெயரிலேயே தீர்ப்பு அடங்கியிருக்கிறதே! தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? நல்ல சொல் ஒன்று வரும்வரை ஆட்டிசம் என்றே சொல்வோம்.

செய்ய வேண்டியது

ஒரு தோழர் கேட்கக்கூடும்: "எல்லாம் சரி. மெய்யாகவே திமிர் பிடித்தவனும் இருக்கிறானே! கேட்டால் எனக்கு ஆட்டிசம் என்று தப்பித்துக்கொள்ள மாட்டானா?" நல்ல கேள்வி. விசாரணை வேண்டும் என்றால், எல்லோருக்கும் விடுதலை என்று பொருளா? இல்லை. ஆட்டிசம் உடையவரும் தவறு செய்வார்; நாமும் செய்வோம். தவறு செய்தால் அந்தச் செயலைக் கேளுங்கள். யாரைப் புண்படுத்தியது என்று எடுத்துச் சொல்லுங்கள். பார்வையையும் குரலையும் நடையையும் குற்றப்பட்டியலில் சேர்க்காதீர்கள். பார்த்தவரையெல்லாம், "உனக்கு ஆட்டிசமா?" என்று கேட்டு முத்திரை குத்தவும் வேண்டாம். அது மருத்துவரின் வேலை. அந்தப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டறியும் மரியாதை எல்லா மனிதருக்கும் உரியது.

வேலையிடத்தில் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. சொல்வதை நேராகச் சொல்லுங்கள். சாடையாகச் சொல்லிவிட்டு, புரியவில்லையே என்று கோபிக்காதீர்கள். வேலை விவரத்தை எழுதிக் கொடுங்கள். ஷிப்டு மாறினால், இடம் மாறினால் முன்கூட்டித் தெரிவியுங்கள். இரைச்சல் பொறுக்காதவர் காதடைப்பு அணிந்தால் கேலி செய்யாதீர்கள். பதில் சொல்லச் சற்று நேரமானால் பொறுத்திருங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாதீர்கள். காது கேட்பதற்குக் கண் எதற்கு? தேநீர் நேரத்தில் தனியாக இருக்க விரும்பினால் விடுங்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் அழையுங்கள். தனிமை அவர் விருப்பமாக இருக்கட்டும், நாம் விதித்த தண்டனையாக இருக்க வேண்டாம்.

சங்கத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "ஒத்துப்போகவில்லை", "நடத்தை சரியில்லை" என்று நிர்வாகம் ஒருவர்மீது காகிதம் நீட்டும்போது, நாமும் தலையாட்டிவிட வேண்டாம். எந்த நடத்தை? யாருக்கு என்ன தீங்கு? வேலையில் என்ன குறை? இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். தீங்கும் இல்லை, வேலையில் குறையும் இல்லை, முகம் மட்டும் பிடிக்கவில்லை என்றால், அது தொழிலாளர் பிரச்னை, சங்கத்தின் பிரச்னை. கூட்டத்தில் பேசத் தெரியாதவர், கோஷம் போடக் கூச்சப்படுபவர், நம்மோடு சிரித்து அரட்டை அடிக்காதவர் - அவரும் சந்தா கட்டும் உறுப்பினர்தான். அவருக்காகவும் வாதாட வேண்டியவர்கள் நாம்.

உழைக்கும் மக்களைப் பற்றி இந்த உலகம் எத்தனை அவசரத் தீர்ப்பு எழுதியிருக்கிறது! படிக்காதவன், முரடன், குடிகாரன், சோம்பேறி - கைரேகையைப் பார்த்தும் சட்டைக் கிழிசலைப் பார்த்தும் எழுதிய தீர்ப்புகள் அவை. அந்தச் சவுக்கின் வீச்சு நம் முதுகுக்குத் தெரியும். தெரிந்த கையே அதே சவுக்கை எடுத்து, தன்னைவிடத் தனித்து நிற்பவன்மேல் வீசலாமா?

கூடாது. முதலில் கேள், கேட்டபின் பேசு. எவர்க்கும் இது பொருந்தும் - அவருக்கும், நமக்கும்.